கும்பிட ஆளில்லாத சாமி

1809இல் திருவிதாங்கூரின் ஆரல்வாய்மொழி அரணைக் கும்பினிப் படை பிடித்த சண்டையில் கேப்டன் போல் என்ற ஆங்கிலேய அதிகாரி படுகாயமடைந்து இறந்தார். சண்டை நடந்த இடத்திலிருந்து 25 மைல் தள்ளி, திருநெல்வேலிச் சீமையின் மணற்காட்டில் அவரைப் புதைத்தார்கள். பிற்பாடு அக்கம்பக்கத்துப் பனையேறிகள் அந்தக் கல்லறைக்குப் படையல் வைக்கத் தொடங்கினார்கள். துரைக்குப் பிடித்தது எதுவோ அதுதான் படையல்: சாராயமும் சுருட்டும். ராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூலில் இதைப் பதிவு செய்கிறார். (அந்த நூலில் பனையேறிகளைப் பற்றி அவர் எழுதிய வேறு பலவற்றை அச்சமூகத்தார் பின்னாளில் வன்மையாக மறுத்தது தனிக்கதை.) அவர் எழுதும்போதே அந்த வழிபாடு பழங்கதையாகிக்கொண்டிருந்தது. இன்று துரைக்குச் சுருட்டு வைப்பார் எவருமில்லை.

அப்படியானால் அந்தச் சாமி இப்போது எங்கே? கும்பிட ஆளில்லாததால் செத்துவிட்டதா? பசியோடு மணலுக்குள் காத்திருக்கிறதா? அல்லது ஆரம்பத்திலிருந்தே அங்கே எலும்பைத் தவிர வேறொன்றும் இல்லையா?

இந்தக் கேள்வியை இன்று மும்முரமாக விவாதிப்பவர்கள் சமயவாதிகளைவிட விளையாட்டுக்காரர்கள்தாம். கற்பனை உலக விளையாட்டுகளில் தெய்வங்கள் ஏராளம். அவற்றுக்குப் பிறப்பு, குணம், ஆயுதம், பகை எல்லாம் உண்டு. அத்தோடு ஒரு பெரிய விதியும் பலவற்றில் உண்டு: பக்தர்களின் நம்பிக்கையே தெய்வத்தின் பலம், நம்பிக்கை குறைந்தால் தெய்வம் இளைக்கும், அறவே நின்றால் சாகும். எங்கள் காயல்பட்டினத்திலும் பிள்ளைகள் இரவு வெகுநேரம் விழித்து இவற்றை ஆடுகிறார்கள். கிளெரிக் என்ற பூசாரிப் பாத்திரத்தைத் தேர்ந்தால் பட்டியலிலிருந்து ஒரு தெய்வத்தையும் தேர்ந்தாக வேண்டும். அந்த இடத்தில் விரல் தயங்கி, “காக்கா, இது ஷிர்க்கா, இணைவைப்பா?” என்று மூத்தவர்களிடம் கேட்கிற பிள்ளைகளும் உண்டு. மார்க்கத் தீர்ப்பு என் வேலையல்ல. ஆனால் அந்த விதி எங்கிருந்து வந்தது, தாமிரபரணிக் கரையில் அது செல்லுபடியாகுமா என்பதைப் பார்க்கலாம்.

விளையாட்டுகளுக்கு முன்பே கதைகளில் அது வந்துவிட்டது. ஃபிரிட்ஸ் லைபர் 1959இல் எழுதிய ஒரு கதையில், லங்க்மார் என்ற கற்பனை நகரத்தின் சாமித்தெருவில் சின்னச் சாமிகள் புதிதாகக் கடை விரிக்கின்றன. கூட்டம் சேரச் சேரத் தெருவின் மேல்முனைக்கு நகர்கின்றன. கூட்டம் கலைந்தால் கீழே இறங்கி மறைகின்றன. நகைச்சுவையாக எழுதியது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்த வகைக் கதைகளைக் குடித்து வளர்ந்த விளையாட்டு. 1980இல் அதற்கென வந்த தெய்வக் கையேட்டில் ஸீயஸுக்கு 400 உயிர்ப்புள்ளிகள். அத்தனையையும் வெட்டித் தீர்த்தால் ஸீயஸ் காலி. இந்தியத் தெய்வங்களுக்கும் அதில் ஓர் அத்தியாயம் இருந்தது. கார்த்திகேயனும் அதில் இருக்கிறார். திருச்செந்தூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்களா சண்டைக்கு வருவார்களா தெரியாது.

நம்பிக்கையைக் கணக்காக்கியது கணினி. 1989இல் வந்த பாப்புலஸ் விளையாட்டில் ஆடுபவரே சாமி. குடிகள் பெருகப் பெருக அவருடைய சக்திமானி ஏறும். ஏறினால் நிலநடுக்கம் விடலாம், எரிமலை எழுப்பலாம். அதைச் செய்த பீட்டர் மாலினியூவின் பிளாக் அண்ட் ஒயிட் 2001இல் வந்தது. அதில் ஊரார் கும்பிட்டு ஆடினால்தான் அற்புதம் செய்யச் சக்தி கிடைக்கும். ஆடிக்கொண்டேயிருந்தால் அவர்களுக்குப் பசிக்கும். அதையும் சாமிதான் பார்க்க வேண்டும். ஊர்ச்சாமிக்குக் கொடைவிழா நடத்திப் பழகிய எந்த வரிக்காரருக்கும் இந்தச் சிக்கல் புரியும்.

விதி சட்டமாகவே எழுதப்பட்டது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில். 1989இல் வந்த நாவல் வரிசையில் மேற்கடவுள் ஆவோ எல்லாத் தெய்வங்களையும் மண்ணுக்குத் தள்ளுகிறார். பேன், பால், மிர்குல் ஆகியவை அழிகின்றன. சிரிக் என்ற திருடனும் மிட்நைட் என்ற மந்திரக்காரியும் அவ்விடங்களில் தெய்வங்களாகிறார்கள். முடிவில் ஆவோ கட்டளையிடுகிறார்: இனி உங்கள் பலம் உங்கள் அடியார்களின் எண்ணிக்கையையும் பற்றையும் பொறுத்தது. பக்தர்களைக் கைவிட்ட தெய்வங்களுக்கு அது தண்டனை. செத்த பாலின் வாரிசுச் சண்டைதான் 1998இல் தொடங்கிய பால்டர்ஸ் கேட் விளையாட்டுகளின் முதுகெலும்பு. எந்தத் தெய்வத்தையும் கும்பிடாமல் செத்தவர்களின் ஆவியை ஒரு மதிலில் பூசி அடைக்கும் ஏற்பாடும் அந்த உலகத்தில் உண்டு. நெவர்விண்டர் நைட்ஸ் வரிசையின் 2007ஆம் ஆண்டு விரிவாக்கம் அந்த மதிலின் அநியாயத்தையே கதையாக எடுத்துக்கொண்டது.

1994இல் வந்த பிளேன்ஸ்கேப் இதை இன்னும் நுட்பமாக்கியது. மறக்கப்பட்ட தெய்வங்களின் பிணங்கள் அதன் விண்வெளியில் மலை மலையாக மிதக்கின்றன. அதை வைத்து 1999இல் வந்த கணினி விளையாட்டில், பெயர் மறந்துபோன நாயகன் கேட்பவர்களிடமெல்லாம் தன் பெயர் ‘அடான்’ என்று பொய் சொல்லலாம். போதுமான பேர் நம்பிவிட்டால், அடான் என்றொருவன் நகரத்திலேயே எதிரே வந்து நிற்பான். முழு விவாதத்தையும் விளையாட்டுலகம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக எங்கும் சொல்லவில்லை என்பது என் எண்ணம். 1987இல் தொடங்கிய வார்ஹேமர் 40,000 உலகத்தில் உணர்ச்சிகளே தெய்வமாகத் திரள்கின்றன: சினம், ஆசை, அழுகல், சூது. அங்கே கும்பிடக்கூட வேண்டாம், கோபப்பட்டாலே போதும்.

எல்லோரும் இதை ஒப்புக்கொள்வதில்லை. 1984இல் வந்த டிராகன்லான்ஸ் உலகில் தெய்வங்கள் மனிதரை விட்டு விலகியிருந்த நூற்றாண்டுகளில் யாரும் கும்பிடவில்லை. அதனால் அவற்றுக்கு ஒரு குறையும் வரவில்லை. கீத் பேக்கர் உருவாக்கி 2004இல் வெளியான எபரானில் தெய்வம் உண்டா என்பதே தெரியாது, பூசாரியின் மந்திரம் மட்டும் பலிக்கும். 2015இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி, தெய்வங்கள் அனைத்தும் ஒரு பழங்குலத்தார் திட்டமிட்டுச் செய்தவை என்று போட்டுடைக்கிறது.

பின்னால் இருக்கும் தத்துவம் பழையது. மாட்டுக்குக் கையிருந்து படம் வரையத் தெரிந்தால் அதன் கடவுள் மாடாகவே இருக்கும் என்று கிரேக்க ஸெனோஃபனிஸ் கிண்டலடித்தார். கடவுள் என்பது மனிதன் தன் சாரத்தையே வெளியே எறிந்து பார்த்தது என்று ஃபாயர்பாக் 1841இல் எழுதினார். குழு தன்னைத்தானே கும்பிடுவதுதான் சமயம் என்கிற பொருளில் துர்க்கைம் 1912இல் எழுதினார். பெரியாரின் கருத்தைத் தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இவர்கள் எவரும் நம்பிக்கை உண்டாக்கிய கடவுள் நிஜமாக எழுந்து இடி விழ வைப்பார் என்று சொல்லவில்லை. விளையாட்டுகள் மறுப்பாளரின் வாதத்தை எடுத்து, அதன் முடிவை மட்டும் மாற்றிக்கொண்டன. நாம் செய்ததுதான், ஆனாலும் மெய்தான் என்பது அவற்றின் கட்சி. டெர்ரி பிராட்செட் 1992இல் எழுதிய ஸ்மால் காட்ஸ் நாவலில், கோயிலும் குருமாரும் கோடிப் பேரும் இருந்தும் உண்மையில் நம்புகிறவன் ஒருவனே என்பதால் ஓம் என்ற பெருங்கடவுள் ஓர் ஆமையாகச் சுருங்கிக் கிடக்கிறார். எண்ணிக்கை வேறு, நம்பிக்கை வேறு என்று பிரித்துக்காட்டிய அந்த நாவல், இந்த வகையில் மிக ஆழமானது.

இனித் தாமிரபரணிக்கு வருவோம். தெய்வம் உண்டாவதை ஆண்டு, தேதியோடு பார்க்கக்கூடிய பகுதி இது. காயல்பட்டினத்துக்குப் பக்கத்து ஏரலில் சேர்மனாக இருந்தவர் அருணாசலம். 1908ஆம் ஆண்டு ஆடி அமாவாசையையொட்டி இளவயதிலேயே இறந்தார். ஆற்றங்கரையில் அவருக்குக் கோயில். இன்றும் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் தாங்காது. சாமியின் பெயரே ‘சேர்மன் சாமி’. வெள்ளைக்காரன் கொடுத்த பதவிப்பெயர் தெய்வத்தின் திருநாமமாகிவிட்டது. சிவனுக்கும் திருமாலுக்கும் ஆயிரம் நாமங்கள் இருக்கலாம், அவற்றில் இது இல்லை.

இப்படித் தெய்வமாவதன் இலக்கணத்தை வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1980களில் எழுதினார். வில்லுக்காரர் கணக்கில் சாமிகள் இருவகை: கயிலாயத்தில் தெய்வப் பிறவியாகப் பிறந்தவை ஒன்று, மண்ணில் கொலையுண்டு செத்த ‘வெட்டுப்பட்ட வாதை’கள் இன்னொன்று. பிளாக்பர்ன் கவனித்தது இதுதான்: முதலில் ஓர் ஊரில் ஒரு சாவு நிகழ்கிறது, அதற்கு வழிபாடு. வழிபாடு ஊர்தாண்டிப் பரவும்போது கதைக்கு முன்னால் ஒரு தெய்வப் பிறப்பு ஒட்டப்படுகிறது. இன்னும் பரவினால் சிவனோடோ திருமாலோடோ உறவு வந்துவிடும். சாவு பின்னுக்குப் போகும், பிறப்பு முன்னுக்கு வரும். கூட்டம் கூடக்கூட லங்க்மார் சாமி தெருவின் மேல்முனைக்கு நகர்வதும் இதுதானே என்று தோன்றும். ஒரு வேறுபாடு: லைபரின் சாமிக்குப் பலம் கூடுகிறது, இங்கே சாமிக்குக் குலம் கூடுகிறது.

இதற்கு மிகக் கசப்பான சான்று முத்துப்பட்டன். பிராமண இளைஞன். சக்கிலியர் குலத்து அக்காள் தங்கை பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். அதற்காகப் பூணூலையும் குடுமியையும் விட்டு, செருப்புத் தைத்து, மாடு காக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான், பெண்கள் தீப்பாய்கிறார்கள். பாபநாசம் மலையில், காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் அவன் பட்டவராயன். நேர்த்திக்கடன் தோல் செருப்பு. கட்டிய செருப்பு ஆண்டு முடிவதற்குள் சாமி நடந்து நடந்து தேய்ந்திருக்கும் என்பார்கள். 1971இல் இக்கதையைப் பதிப்பித்த நா. வானமாமலை ஒன்றைச் சுட்டிக்காட்டினார்: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டுச் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்றொரு முன்கதை பின்னாளில் சேர்க்கப்பட்டிருக்கிறது. கலப்பு மணத்தைச் செரிக்க முடியாதவர்கள் சாமியின் வாழ்க்கையையே திருத்தினார்கள். பக்தர் நம்பிக்கை தெய்வத்தை வடிக்கிறதா என்று கேட்பவருக்கு இதைவிட நேரான விடை வேண்டியதில்லை. வடிக்கிறது, வடிக்கும் கை யாருடையது என்பதுதான் அடுத்து கேட்க வேண்டியது. கையேடு எழுதும் விளையாட்டுக்காரர்கள் இதைக் கேட்பதில்லை. அவர்கள் கணக்கில் பக்தர்கள் எல்லோருடைய நம்பிக்கைக்கும் ஒரே எடை. ஊரில் அப்படியில்லை. வரி கொடுப்பவர், மேளம் அடிப்பவர், பூசை வைப்பவர், வெளியே நிற்க வைக்கப்பட்டவர் ஆகியோருக்கு வெவ்வேறு எடை.

அரசின் கையும் ஒருமுறை நீண்டது. 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தும்படி 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு உத்தரவிட்டது. எதிர்ப்பு பலமாக எழுந்தது. 2004இல் சட்டமே திரும்பப் பெறப்பட்டது. கிடாவும் சேவலும் கேட்கிற சாமியைச் சைவமாக்கும் அதிகாரம் ஆவோவுக்கு இருந்திருக்கலாம், கோட்டைக்கு இருக்கவில்லை. ஆனால் சட்டம் செய்ய முடியாததைச் சில கோயில் கமிட்டிகளே சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கின்றன. பூடம் (பீடம்) சிலையாகிறது, சிலைக்குக் கோபுரம் எழும்புகிறது, குடமுழுக்குக்கு வெளியூரிலிருந்து பட்டர்கள் வருகிறார்கள், கிடா வெட்டு மதிலுக்கு வெளியே போகிறது.

ஆக, உருவம், உணவு, கதை, குலம் ஆகிய நான்கையும் நம்புகிறவர்கள் வடிக்கிறார்கள். பலத்தையுமா? இங்கேதான் தாமிரபரணி விளையாட்டுகளோடு முரண்படுகிறது, அதுவும் தலைகீழாக.

மறக்கப்பட்ட தெய்வம் இளைக்கும் என்பது கையேட்டு விதி. மறக்கப்பட்ட தெய்வம் சினக்கும் என்பது இந்த ஆற்றங்கரை விதி. பம்பாய்க்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போன குடும்பத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிக்கொண்டே போனால், பிள்ளைக்குத் தீராத நோய் வந்தால், குறி கேட்கும் இடத்தில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பூடம் இடிந்து கிடக்கிறது, எத்தனை வருசமாச்சு கொடை கொடுத்து? உடனே ஊருக்கு ரயிலேறுகிறார்கள். கால்நாட்டி, வில்லு வைத்து, கணியான்கூத்து பேசி, சாமக்கொடை நடத்துகிறார்கள். சாமியாடும் கோமரத்தாடி மீது சுடலைமாடன் இறங்கி மயான வேட்டைக்குப் போய் வருகிறது. வரவே முடியாதென்றால் பிடிமண் எடுத்துப்போய் இருக்கும் ஊரில் நிலையம் போடுகிறார்கள். இவ்வளவும் சாமிக்குப் பலம் ஏற்றவா? இல்லை. பலம் ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது. அதைக் குளிர வைக்கத்தான். கொடை நன்றாக முடிந்தால் சாமி ‘குளிர்ந்துவிட்டது’ என்றுதான் சொல்வார்கள்.

காரணம் வெளிப்படை. வாதையின் சக்தி வழிபாட்டிலிருந்து வரவில்லை. அநியாயச் சாவிலிருந்து வந்தது. கொலை முதலில், கும்பிடு பிறகு. கும்பிடுவது அந்தக் கடனுக்குக் கட்டும் தவணை. தவணை நின்றால் கடன் குறையாது, ஏறும். ஆவோவின் கட்டளையில் தெய்வம் பக்தனுக்குக் கடன்பட்டிருக்கிறது. சுடலைமாடன் பீடத்தின் முன் நிற்பவர்தான் கடன்பட்டவர்.

செந்திலாண்டவன் வரலாற்றிலும் இந்தச் சாயல் தெரியும். 1646 முதல் 1648 வரை டச்சுக்காரர்கள் திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்து வைத்திருந்தார்கள். போகும்போது சிலையையும் எடுத்துப்போனார்கள். புயல் வந்தது, பயந்துபோய்ச் சிலையைக் கடலில் போட்டார்கள், 1653இல் வடமலையப்ப பிள்ளை கனவில் கண்ட குறிப்பின்படி மீட்டார் என்பது மக்கள் சொல்லும் வரலாறு. ஐந்தாண்டு கடலடியில், பூசையின்றி. அந்தக் காலத்தில் முருகன் இளைத்தார் என்று எந்தத் தலபுராணக்காரரும் சொல்லவில்லை.

ஒரு மறுப்பு எழும்: அப்படியானால் கேப்டன் போல் ஏன் சினந்து வரவில்லை? வயல்வரப்புகளில் பெயர் தெரியாமல் கிடக்கும் நடுகற்கள் ஏன் யாரையும் படுத்துவதில்லை? நியாயமான கேள்வி. வெளியிலிருந்து பார்த்தால், கடன் இருக்கிறது என்ற நினைவாவது ஒருவரிடம் இருந்தால்தான் சினமும் இருக்கும். பாதி மறந்த சாமிதான் ஆபத்து. முழுக்க மறந்த சாமி வெறும் கல். அவ்வளவு தூரம் வந்தால் பிராட்செட்டும் கோமரத்தாடியும் கைகுலுக்கலாம். ஆனால் இடையில் இருக்கும் அந்த நீண்ட பாதி மறதியின் காலம், எந்த விளையாட்டுக் கையேட்டிலும் நான் பார்க்காதது.

இரண்டு விதிக்கும் பொதுவாக ஒன்றுண்டு: தெய்வத்துக்கு மனிதரிடம் ஒரு தேவை இருக்கிறது. காயல்பட்டினத்தின் பள்ளிவாசல்கள் அதையே மறுக்கின்றன. அல்லாஹ் தேவையற்றவன், தொழுகை தொழுபவனுக்குத்தான் தேவை. மனிதரும் ஜின்களும் அத்தனை பேரும் மிகுந்த பக்தியுள்ளவர்களாக இருந்தாலும் அவன் ஆட்சியில் ஒன்றும் கூடாது, அத்தனை பேரும் கெட்டவர்களாகிவிட்டாலும் ஒன்றும் குறையாது என்ற கருத்து ‘ஸஹீஹ் முஸ்லிம்’ என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. ஆவோவுக்கு எழுதிய மறுப்புரை போலவே இருக்கும், பல நூற்றாண்டுகளுக்கு முன்னமே.

ஆனால் விவகாரம் அத்தோடு முடியவில்லை. எங்கள் ஊரில் ஆண்டுதோறும் முப்பது நாள் ஓதப்படும் புகாரி தொகுப்பில், அடியான் தன்னைப்பற்றி எப்படி எண்ணுகிறானோ அப்படியே தான் இருப்பதாக இறைவன் சொல்வதாகவும் ஒரு நபிமொழி உண்டு. சூஃபிகள் இதைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் போனார்கள். ஒவ்வொருவரும் கும்பிடுவது தன் நம்பிக்கைக்குள் அடங்கிய கடவுளைத்தான், மெய்யான இறைவன் எந்த நம்பிக்கைக்குள்ளும் அடங்கான் என்பது 13ஆம் நூற்றாண்டின் இப்னு அரபியின் கொள்கை. நம்பிக்கை கடவுளை வடிக்கிறது, ஆனால் அது வடித்தது கடவுளல்ல, உன் கோப்பையின் அளவு. ஃபாயர்பாக்கின் வாதத்தை முழுதும் ஏற்றுக்கொண்டு, முடிவை மட்டும் எதிர்த்திசையில் கொண்டுபோகும் இந்த நிலைப்பாட்டை எந்த விளையாட்டும் எட்டவில்லை.

வலிமார்கள் எனப்படும் இறைநேசர்களின் பெயரால் நடக்கும் கந்தூரி விருந்து விஷயத்தில் ஊருக்குள்ளேயே கருத்து இரண்டு. 1980களிலிருந்து வலுப்பெற்ற தவ்ஹீத் (ஏகத்துவ) பிரசாரம், நேர்ச்சையும் கந்தூரியும் வலியைச் சாமியாக்குவதில் கொண்டுபோய் விடும் என்றது. நடத்துபவர்களோ சோறு வலிக்கல்ல, வருபவருக்கு என்கிறார்கள். கொடையின் படைப்புச் சோற்றையும் கடைசியில் மனிதர்தாம் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு குறும்புக்காரர் சொல்லலாம். ஆனால் முதல் கவளம் யாருக்கு என்று நினைத்து வைக்கப்படுகிறது என்பதில்தான் முழு வேறுபாடும் இருக்கிறது.

காயல்பட்டினத்துக் காசிம் புலவர் 17ஆம் நூற்றாண்டின் சதக்கத்துல்லா அப்பாவின் மாணவர். நபிகளார் மீது ஒரு திருப்புகழ் பாடினார். சந்தம் அருணகிரிநாதருடையது, செந்தில் முருகனுக்கு உரியது. பாடப்பட்ட நபிகளார் மாறவில்லை, பாட்டின் உடைதான் அக்கரையிலிருந்து வந்தது. ஆற்றங்கரையிலும் கடற்கரையிலும் நம்புகிறவர் கை எட்டுவது அதுவரைக்கும்தான்: உடை, உணவு, பாட்டு, வரலாறு. அதற்கு அப்பால் இருக்கும் சக்தி தம் கையில் இல்லை என்பதில் கோமரத்தாடியும் ஆலிமும் ஒத்துப்போகிறார்கள், காரணங்கள் வேறானாலும். அந்தச் சக்தியையும் தலையெண்ணிக்கையில் அளக்கத் துணிந்தது விளையாட்டுலகம் மட்டும்தான். வாக்கையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் வைத்தே எதையும் அளந்து பழகிய காலத்தின் கற்பனை அது.

தமிழில் இப்போது விளையாட்டு செய்ய முனையும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுடலையையும் இசக்கியையும் எடுத்து, ஆயுதமும் மீசையும் வரைந்து, கீழே ‘பக்தர் எண்ணிக்கை’ என்று ஒரு மானியை ஒட்டிவிடாதீர்கள். முதலில் ஓர் ஆடி அமாவாசைக்குக் காரையாறு போங்கள். ஒரு சாமக்கொடையில் விடியும்வரை உட்காருங்கள். வில்லுக்காரரிடம் கேளுங்கள், கொடை நின்றுபோன சாமி என்ன ஆகும் என்று. அவர் சொல்வதை விதியாக எழுதுங்கள்.